வாசற்கல்லில் ஒரு ழகரம்

நாற்பத்தோராயிரத்து அறுநூறு. ஒப்பந்தக்கார முதலாளி உளியண்ணனுக்கு வைத்த பாக்கி அது. கூலிப் பாக்கியாக இருந்திருந்தால் உளியண்ணன் எப்போதோ தலைமுழுகியிருப்பார். கூலியை விழுங்கி ஏப்பம் விடுகிற முதலாளிகள் அவருக்குப் புதிதல்ல. இது ஆஸ்பத்திரிச் செலவு. பெண்டாட்டியின் கழுத்துச் சங்கிலியையும், வீடு கட்டலாம் என்று வாங்கிப் போட்ட கையகல நிலத்தையும் விற்றுக் கட்டிய பணம். "நீ இப்பக் கட்டிடு, நாளைக்கு நான் தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் முன்னால் முதலாளி சொன்னார். ஐந்து வருஷமாகியும் அந்த நாளை விடியவில்லை.

வேலையாட்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'நாளைக்கு' என்பதுதான். "டேய், நாளைக்கு இன்னைக்கு வர்றாரு" என்று கீழே இருந்து ஒருவன் குரல் கொடுத்தால், சாரத்தின் மேல் இருக்கிறவர்கள் சிரிப்பை மென்றுகொண்டு கரண்டியைத் தேய்ப்பார்கள்.

உளியண்ணன் கல்லில் எழுத்து வெட்டுகிறவர். அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் வகுப்பறை வாசல், நூலக முகப்பு, கல்லறைச் சுவர் என்று எங்கே எழுத்து இருந்தாலும் பாதி அவர் கைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தலை நரைக்கிற வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது செங்காவியால் கல்லில் எழுதிக் கொடுப்பார்கள். அவர் அந்தக் கோட்டின் மேலேயே உளியை ஓட்டுவார். எந்த எழுத்து கைக்கு அடங்கும், எது சண்டித்தனம் பண்ணும் என்பதெல்லாம் அத்துப்படி. 'ட' பரம சாது. 'ற' கொஞ்சம் முறைத்துக்கொள்ளும். 'ழ' இருக்கிறதே, அதுதான் வம்புக்காரி. கீழே இறங்கிப் போய் வாலைச் சுழற்றுகிற இடத்தில் மூச்சுக் காட்டினால் போதும், சில்லுப் பெயர்ந்து விழும். எழுத்தின் குணம் தெரியும். எழுத்து என்ன பேசுகிறது என்பது மட்டும் தெரியாது.

பல்கலைக்கழகத்தின் நடுவில் இருக்கிற தேவாலயத்தைப் படித்தவர்கள் சிற்றாலயம் என்பார்கள், வேலையாட்கள் ஜெபக்கூடம் என்பார்கள். சிற்றாலயம் என்று பெயர்தானே தவிர, சின்னதொன்றும் இல்லை. அதை ஒரே கை கட்டவும் இல்லை. ஜன்னல் மட்டம் வரை கறுப்புக் கல். அதற்கு மேல் வெளிறிய கல். நிலம் கொடுத்துச் சுவரை ஆரம்பித்த கப்பல் வியாபாரி பாதியில் நொடித்துப் போனார். இருபது வருஷம் அந்தச் சுவருக்குள் ஆடு மேய்ந்தது. பிறகு அவர் மருமகள் பிடிவாதமாகப் பணம் சேர்த்து வேறு மலையிலிருந்து கல் கொண்டுவந்து மேலே ஏற்றினாள். அந்த இரண்டு நிறமும் சேர்கிற கோட்டைத் தொட்டால் மாமனார் எங்கே விட்டார், மருமகள் எங்கே பிடித்தாள் என்று விரலுக்குத் தெரியும். கோபுரம் அப்புறம் வந்தது, மாணவர்கள் போட்ட காசில். ஆசை பெரிது, அஸ்திவாரம் சின்னது. ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததும் வெளியே பெரிய உதைசுவர் ஒன்றைக் கட்டி, குடித்துவிட்டு வருகிறவனுக்குத் தோள் கொடுக்கிற மாதிரி நிறுத்தி வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே கூரை. எட்டுத் தூண். ஒவ்வொரு தூணும் உச்சியில் விரல்களை விரித்த மாதிரி கல் விலாக்களாகப் பிரிந்து, எதிர்த் தூணின் விரல்களோடு கோத்துக்கொள்ளும். கோக்கிற இடத்தில் ஒரு பூட்டுக்கல். இரும்பு கிடையாது, மரம் கிடையாது. ஒரு கல்லை இன்னொரு கல் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் சுண்ணாம்புச் சாந்தை வைத்துக்கொண்டு, நூறு வருஷத்துக்கு மேல் தலைக்கு மேலே நின்றது.

அதில் ஒரு விரிசல் கண்டதும் பழுது பார்க்கிற வேலை 'நாளைக்கு' கைக்கு வந்தது. முறை என்னவென்றால், விலாக்களுக்கு அடியில் மரத்தால் முட்டுக் கொடுத்து, கல்லை எடுத்துத் திரும்ப வைத்து, புதுச் சுண்ணாம்பு நன்றாக இறுகிய பிறகே முட்டைப் பிரிக்க வேண்டும். சுண்ணாம்பு சிமெண்ட் இல்லை. அது தன் இஷ்டத்துக்குத்தான் இறுகும். பட்டமளிப்பு விழா நெருங்கியது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பிரிங்கடா முட்ட" என்றார்.

"இன்னும் ஈரம் இருக்கு முதலாளி" என்றார் மேஸ்திரி.

"ஈரம் உன் மூளையிலதான் இருக்கு. பிரிங்கடான்னா பிரிங்க."

கீழே நின்று முட்டுக்கு அடியிலிருந்த ஆப்பை அடித்துக் கழற்றியவன் உளியண்ணனின் பெண்டாட்டிக்குத் தம்பி. நாலாவது ஆப்பு கழன்றதும் பூட்டுக்கல் இறங்கியது. அப்புறம் விலாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கையை விட்டன. ஆள் பிழைத்தான், இடுப்பு பிழைக்கவில்லை. இப்போது உளியண்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடியே குடையும் பை ஜிப்பும் பழுது பார்க்கிறான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முதலாளியிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. பணம் சீக்கிரம் கைக்கு வருவதற்கு என்றார்கள். உளியண்ணனும், அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற அந்த மச்சினனும் ஆளுக்கொரு கைநாட்டு வைத்தார்கள். யாரும் சொல்லாமல் தானாகவே போய் ஆப்பை அடித்தான் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. போலீசுக்கு அந்தக் கதை. பல்கலைக்கழகத்துக்கு வேறு கதை: கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, மூப்பால் விழுந்தது. இரண்டு கதைக்கும் நடுவில் புகுந்து புதுக்கூரை போடுகிற ஒப்பந்தத்தையும் முதலாளியே எடுத்தார். கான்கிரீட்டை ஊற்றி, அடியில் சுண்ணச் சாந்தில் விலா மாதிரி கோடு இழுத்துவிட்டார். எதையும் தாங்காத விலா. பில் போடும்போது பத்தில் ஒரு பங்கைத் தள்ளி, "இது என் காணிக்கை" என்றார். அன்றைக்கே அவர் கூரை கொடுத்த வள்ளலாகிவிட்டார்.

உளியண்ணன் அந்த வருஷம்தான் மாணவர்கள் நடத்திய சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தார். கை எல்லா எழுத்தையும் ஏற்கனவே அறிந்திருந்தது. காதுதான் பின்தங்கியது. "ண, ன, ந மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்களா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தார். ஒரு வருஷத்தில் செய்தித்தாள் படித்தார்.

பல்கலைக்கழகத்துக்கு நூற்றைம்பது ஆண்டு நிறைந்தது. ஜெபக்கூடத்தின் உள்வாசலுக்கு மேலே பதித்திருந்த நீளக்கல்லில் கட்டடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக வெட்ட வேண்டும் என்று முடிவானது. வாசகத்தை எழுதியவர் வரலாற்றுப் பேராசிரியை. குட்டையான, வேகமாக நடக்கிற அம்மாள். நாலே வரி. நிலம் கொடுத்தவர், சுவரை எழுப்பியவர், கோபுரத்தை உயர்த்தியவர்கள். நாலாவதாக, 'மேற்கூரையை அளித்தவர்', அதற்குக் கீழே முதலாளியின் பெயர்.

முதலாளி சாரத்துக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அவருக்கு ழகரம் நாக்கில் ஒட்டாது. மழை அவருக்கு மளைதான்.

"ஏய் உளி, என் வரிய நல்லா ஆளமா வெட்டு. நூறு வருசமானாலும் அளியக் கூடாது, தெரியுதா?"

உளியண்ணன் கையிலிருந்த உளி அப்படியே நின்றது. அளியக் கூடாது. அழியக் கூடாது. ஒரு நிமிஷம் இரண்டு சொல்லும் தலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அழியாது முதலாளி" என்றார். "அப்புறம்... அந்த ஆஸ்பத்திரிப் பணம்..."

"நல்ல காரியம் நடக்கற நேரத்துல இளவுப் பேச்சு பேசற பாரு. கல்லத் திறக்கட்டும். நாளைக்குப் பாக்கலாம்."

அன்று வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவும்போது உளியண்ணன் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை குடைக்கம்பியைக் கீழே போட்டான்.

"மச்சான், ஒரே ஒரு எழுத்தா?"

"ஒரே எழுத்து. ளி இருக்கற இடத்துல ழி."

"மேற்கூரையை... அழித்தவர்." சொல்லிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ வலிக்குது. பொய்யும் இல்லையே மச்சான்! அழிச்சது அவன்தானே!"

பெண்டாட்டி தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "சிரிங்க, நல்லா சிரிங்க. அந்த எழுத்த அடகு வச்சா என் சங்கிலி வருமா?"

மறுநாள் உளியண்ணன் தூசி பறக்கும் என்று சொல்லி வாசலுக்குக் குறுக்கே படுதாவைக் கட்டிவிட்டுச் சாரத்தில் ஏறினார். காவிக்கோட்டில் 'ளி' சரியாகத்தான் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். 'ளி' அகலமானது, 'ழி' அந்த இடத்தை நிரப்பாது. இடைவெளி விட்டால் கண் அங்கேதான் போகும். ஆகையால் 'ழ'வின் வாலைக் கொஞ்சம் தாராளமாக இழுத்துச் சுழற்றினார். முப்பது வருஷமாக அவரைப் படுத்தி எடுத்த வம்புக்காரி அன்று குழந்தை மாதிரி கைக்கு வந்தாள். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் வாய்க்குள் ஒரு சொல் சொல்லிக்கொண்டார். அதை இங்கே எழுத முடியாது.

படுதாவை விலக்கிக்கொண்டு பேராசிரியை வந்தார். முதல் வரியிலிருந்து மெல்லப் படித்துக்கொண்டு வந்தார். நாலாவது வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கும்மா."

அவர் உளியண்ணனைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே, எதையும் தாங்காத அந்த விலாக்களைப் பார்த்தார். படுதாவைப் பழையபடி இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

திறப்பு விழாவன்று ஜெபக்கூடம் நிறைந்து வழிந்தது. துணைவேந்தர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. கைதட்டல். 'நாளைக்கு' பட்டுச் சட்டையில் முன்வரிசையில் நின்றார். தன் வரியைத் தானே வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"மேற்கூரையை அளித்தவர்!" என்று முழங்கினார். அவர் கண் பார்த்தது 'ழி'. நாக்கு சொன்னது 'ளி'. அவருக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசமே தெரியவில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னேறியது. ஒரு மாணவன் கையை வாய்க்குக் குவித்து, "சார், கல்லுல இருக்கறத அப்படியே இன்னொரு தடவ படிங்க சார்!" என்று கத்தினான். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து முதலாளி இன்னும் சத்தமாகப் படித்தார். துணைவேந்தர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். முதலாளி அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் நீட்டிப் பார்த்தார். முகம் செங்கல்லானது.

"எளுத்துத் தெரியாத களுதை! தற்குறிப் பய! அவனக் கொண்டாங்கடா இங்க!"

தூணோரம் நின்றிருந்த உளியண்ணன் ஐந்து வருஷத்தில் முதல் முறையாக வயிறு குளிர்ந்து நின்றார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் விசாரணை என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே முதலாளி உளியண்ணன் வீட்டுப் படியேறினார். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. குடை பழுது பார்க்கிறவனைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. துணிப்பை ஒன்றை மேஜையில் வைத்தார்.

"நாப்பத்தோராயிரத்து அறுநூறு. சரியா இருக்கும். நாளைக்கு அங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. எளுத்துக் கொளப்பத்துல, தெரியாம வெட்டிட்டேன். அவ்வளவுதான். வரியச் செதுக்கி எடுத்துட்டு வேற வெட்டிடலாம். உனக்கும் எனக்கும் கணக்கு முடிஞ்சுது."

அவர் போன பிறகு யாரும் பையைத் தொடவில்லை.

"வாங்கிக்க" என்றாள் பெண்டாட்டி கடைசியில். "தற்குறின்னு சொல்லிக்கிட்டா கொம்பா முளைக்கப் போகுது? முந்தி தற்குறியாத்தானே இருந்த."

"அது இல்ல. நான் தெரியாம வெட்டினேன்னா, அவன் அளிச்சவனாயிடுவான்."

"ஆகட்டுமே. சங்கிலி என்னோடது. அத ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்க."

மாப்பிள்ளை ஜிப்பை இழுத்து இழுத்து மூடித் திறந்துகொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"அக்கா, நான் அங்க ஆப்ப அடிச்சேன். அவன் சொல்லித்தான் அடிச்சேன். ஊரு பூரா நானாப் போயி அடிச்சேன்னுதான் பேசுது. குடை வாங்க வர்றவன்கூட, கூரைய இடிச்ச ஆளு நீதானான்னு கேக்கறான். பணம் வந்தா இடுப்பு வராது. பேராவது வரட்டும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

காலையில் உளியண்ணன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலில் நின்று பையைத்தான் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

நீள மேஜைக்குப் பின்னால் துணைவேந்தர், பதிவாளர், பேராசிரியை. பக்கத்தில் முதலாளி. அவர் பையைக் கண்டதும் கண்ணால் ஜாடை காட்டினார், மறைத்து வை என்று.

பேராசிரியைதான் கேட்டார். "அந்த எழுத்து தெரியாம வந்ததா, தெரிஞ்சு வந்ததா?"

"முப்பது வருஷம் தெரியாம வெட்டினேம்மா, ஒரு எழுத்துகூடத் தப்பினதில்ல" என்றார் உளியண்ணன். "தெரிஞ்சு மாத்தி வெட்டினது இது ஒண்ணுதான். இதுவும் தப்பில்ல."

சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஈரம் காயாத சுண்ணாம்பு, மேஸ்திரி சொன்னது, முதலாளி சொன்னது, ஆப்பு, கைநாட்டு. பேசப் பேசக் குரல் உயரவில்லை, இறுகிக்கொண்டே போனது.

"பொய்!" என்றார் முதலாளி. "பணம் புடுங்கறதுக்குக் கதை கட்டறான்."

உளியண்ணன் பையை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். "நேத்து இத என் வீட்டுல கொண்டாந்து வச்சாரு. தெரியாம வெட்டிட்டேன்னு சொல்லணுமாம். இது என் மாப்பிள்ளையோட ஆஸ்பத்திரிச் செலவு, காசு பிசகாம."

"ஏளைன்னு தர்மத்துக்குக் குடுத்தேன்!"

"தர்மத்துக்குக் கொடுக்கறவர் ஐம்பதாயிரம் கொடுப்பார், நாற்பதாயிரம் கொடுப்பார்" என்றார் பேராசிரியை, நோட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு. "இந்த ஆயிரத்து அறுநூறு எதுக்குங்க?"

முதலாளி வாயைத் திறந்தார். 'நாளைக்கு' என்பதைத் தவிர வேறு சொல் பழக்கமில்லாத வாய். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

துணைவேந்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார். கூரை விழுந்த வரலாற்றைத் திரும்ப எழுத வேண்டும் என்றார் பேராசிரியை. அதுவரை கல்லில் யாரும் உளி வைக்கக் கூடாது, இருக்கிற வரி இருக்கிறபடி இருக்கட்டும் என்று பதிவாளர் எழுதிக்கொண்டார்.

"அப்ப என் பணத்தக் குடுங்க" என்று முதலாளி பைமேல் கையை வைத்தார். பதிவாளர் தடுத்தார். "இது இவருக்குச் சேர வேண்டியதுதானே?"

"அவரே எடுத்துக்கட்டும் ஐயா" என்றார் உளியண்ணன். முதலாளியின் முகத்துக்கு நேரே திரும்பினார். இந்த ஒரு நிமிஷத்துக்காக ஐந்து வருஷம் பல்லைக் கடித்தவர். "முதலாளி, அந்தப் பாக்கிய நான் தள்ளுபடி பண்ணிட்டேன். நாப்பத்தோராயிரத்து அறுநூறு குடுத்து உங்க பேருக்கு மேல ஒரு எழுத்து வாங்கியிருக்கேன். எனக்குக் கட்டுப்படியாகுது."

முதலாளி பையைத் தூக்கிக்கொண்டு போனார். படியிறங்கும்போது கால் இடறியது. மாணவர்கள் வழிவிட்டார்கள், கொஞ்சம் அதிக மரியாதையாக.

வீட்டுக்கு வந்ததும் அவர் வெறுங்கையைக் கண்டு பெண்டாட்டிக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கினான். அவன் கண் நிறைந்திருந்தது. அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"கூட்டிட்டுப் போ. என் காசுல என்னமோ வாங்கியிருக்கியாமே, பாக்கணும்."

ஜெபக்கூடத்தில் அப்போது யாரும் இல்லை. வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் விரலை நீட்டிக் காட்டினார். நாலாவது வரி, அதில் வால் சுழற்றியிருக்கிறதே, அது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"இதயா அவன் எல்லாருக்கும் முன்னால படிச்சான்?"

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயா!" அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பா, வேறெதுவுமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "அவன் பேரன் பேத்தி வந்தாலும் இப்படித்தான் இருக்குமா?"

"அந்தக் கல்லு இருக்கற வரைக்கும்."

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். இன்னொரு தரம் மேலே பார்த்தாள்.

"நீ தள்ளுபடி பண்ணினது செல்லாது. பணம் என்னோடது" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். "சரி, போ. நானும் விட்டுட்டேன்."